மேலே போனால் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், என் புருஷன் ரங்கெல், எலோவா ஆற்றின் மலையிடுக்குப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டான்.

என் தங்கை வெசெலாவின் புருஷன் மொம்சில், விடிந்ததுமே வேனைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். அவனும் வெசெலாவும் ஒன்பது வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பினார்கள். ஆட்களைக் கயிறு கட்டி அருவி வழியே இறக்குகிற வேலையை மொம்சில் அங்கே கற்றுக்கொண்டு வந்திருந்தான். எங்கள் இடுக்கில் மூன்று அருவி, மூன்று மடு. கையிலிருந்ததையெல்லாம் போட்டு ரப்பர் உடுப்பும் ஹெல்மெட்டும் வாங்கினான், ஊராட்சியில் அனுமதி வாங்கினான், வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான். ஊருக்கு அவனைப் பிடிக்கவில்லை. கடைசி மடுவுக்கு அடியே கிடையாது என்று நாங்கள் காலங்காலமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். மொம்சில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, ஐந்து மீட்டர்தான் என்று சொல்லிவிட்டான். அதை யாராலும் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு ஹாலந்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். வரவேண்டிய இன்னும் இரண்டு பேர் வரவில்லை.

"இடம் சும்மாதானே போகுது. நீங்க ரெண்டு பேரும் வாங்கக்கா" என்றான் மொம்சில். "என்ன சகல, வரீங்களா?"

ரங்கெல் தாடையை மேலே தூக்கி நாக்கால் 'ச்சு' என்றான். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வேண்டாம் கிடையாது.

"இந்த மலை வளைவுல பனியில பால் லாரி ஓட்டுறீங்க. தண்ணின்னா பயமா?"

ரங்கெலுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கிற விஷயம். கல்யாணமான முதல் கோடையில் எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு நாங்கள் அதைப் பேசியதே இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டே நான் சொன்னேன்: "ஐயா எங்க வருவாரு? அவருக்கு வெள்ளரிக்கா சூப்பும் டிவியும் போதும். நான் வரேன் தம்பி, கிளம்பு."

வெசெலா வேனிலிருந்து சிரித்தாள். ரங்கெல் எழுந்து ஷூவைத் தேடினான்.

இடுக்கின் வாயில் எல்லாரும் கறுப்பு உடுப்பையும் மிதவைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு நின்றோம். மொம்சில் விருந்தாளிகளுக்கு அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"உள்ள போனா அருவிச் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. கயிறை விடுறதுக்கு முன்னாடி நான் உங்க முகத்தைப் பாப்பேன். இவங்க ஊர் பழக்கம்தான் இன்னைக்கு நமக்கும். சரின்னா தாடையைக் கீழ இறக்கி ஆட்டணும். வேண்டாம்னா இந்தப் பக்கம் அந்தப் பக்கம்."

"அட, நம்ம ஆமா அவங்களுக்கு வேண்டாமா?" என்றேன்.

"ஆமாக்கா. நம்ம தலையாட்டலை வேன்லயே விட்டுட்டு வாங்க."

எல்லாரும் சிரித்தோம். அந்த ஹாலந்துக்காரி, வில்மா, எங்கள் ஆமாவைச் செய்துபார்க்கிறேன் என்று தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஆட்டி, ஹெல்மெட் கண்ணை மறைத்து, விழுந்து விழுந்து சிரித்தாள். அறுபது தாண்டியவள். உடுப்பு மாட்டும்போது பார்த்தேன், முழங்காலில் ஒரு நீளத் தழும்பு இருந்தது.

முதல் அருவி விளையாட்டுதான். வழுக்குப் பாறையில் உட்கார்ந்து சறுக்கினால் தட்டு மாதிரி பரந்த மடுவில் போய் விழலாம், இடுப்பளவு தண்ணீர். ரங்கெல் சறுக்கினான், எழுந்து நின்றான், என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தான். தண்ணீரின் குளிரில் பல் கூசியது. அதற்கப்புறம் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடலாம். மேலே ஒரு கீற்று வானம், கீழே பச்சைத் தண்ணீர், பாசியிலிருந்து சொட்டுகிற சத்தம். ஒரு நீர்க்குருவி எங்களுக்கு முன்னால் கல் கல்லாகத் தாவிக்கொண்டே போனது.

இரண்டாவது மடுவைக் கொப்பரை என்போம். அதில் கால் எட்டாது. மிதவைச் சட்டை தூக்கிக்கொள்ளும், கயிற்றைப் பிடித்து அக்கரை போக வேண்டும், அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ என் சட்டையின் வாரைப் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. திரும்பினால் ரங்கெல். உதடு வெளுத்திருந்தது.

"கொழந்தை மாதிரி புடிச்சுக்காத" என்றேன். "எல்லாரும் பாக்குறாங்க."

அவன் உடனே விட்டுவிட்டான். அந்த விரல்கள் வாரை விட்ட விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது அருவி மாடி வீட்டு உயரம். அதன் ஓரமாக, சாரலிலேயே, கயிற்றில் இறக்குவான் மொம்சில். வெசெலா முன்னமே ஒற்றையடிப்பாதையில் சுற்றி வந்து கீழே மடுவோரம் நின்றிருந்தாள். முதலில் வில்மாவின் புருஷன் இறங்கினார். அடுத்து வில்மா, பாறையைக் காலால் உதைத்து உதைத்து ஊஞ்சலாடிக்கொண்டே இறங்கினாள். அவளுக்குப் பிறகு நான். தண்ணீரில் விழுந்து, நீந்தி, கரைப்பாறையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

மொம்சில் ரங்கெலின் தோளில் கை வைத்திருந்தான். ஒற்றையடிப்பாதையைக் காட்டி என்னமோ சொன்னான். பிறகு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான். ரங்கெலின் தலை அசைந்தது. மொம்சில் கயிற்றை விட்டான்.

பாதி வரை ஒழுங்காக வந்தான். திடீரென்று பாறையைக் கட்டிப்பிடித்தான். கை வழுக்கி, உடம்பு சுழன்று, தோள் பாறையில் மோதி, பொத்தென்று மடுவில் விழுந்தான். பக்கத்திலிருந்த வில்மா உதவப் போனாள். ரங்கெல் அவள் கழுத்தைப் பிடித்து, தலையை அமுக்கி, அவள்மேல் ஏறப் பார்த்தான். அவளுடைய மஞ்சள் ஹெல்மெட் தண்ணீருக்குள் போனது. நானும் வெசெலாவும் அந்த மனிதரும் சேர்ந்து இழுத்துத்தான் இரண்டு பேரையும் பிரித்தோம். வில்மா கரையில் கிடந்து தண்ணீராகக் கக்கினாள். அவள் புருஷன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ரங்கெல் பல் தந்தியடிக்க முதலில் சொன்னது இதுதான்: "நான் வேண்டாம்னேன். தலையைத் தூக்கி வேண்டாம்னேன். அவன் விட்டுட்டான்."

மொம்சில் பாதை வழியாக ஓடி வந்து சேர்ந்தான். நான் அவன்மேல் பாய்ந்தேன்.

"உன் தலையை ஜெர்மன்காரன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டியாடா? பெத்த தாய் ஆட்டுற வேண்டாம்கூட உனக்குத் தெரியலையா? பயந்துபோன மனுஷன் வெளிநாட்டு ஆட்டமா ஆட்டுவான்? காசுக்காக என் புருஷனைக் கொல்லப் பாத்தியா?"

"அக்கா, எனக்கு சரின்னுதான் தெரிஞ்சுது..." என்று ஆரம்பித்தவன் ரங்கெலைப் பார்த்தான். ரங்கெல் கண்ணை மூடிக்கொண்டான். மொம்சில் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நான் தப்பாப் பாத்திருப்பேன்" என்றான்.

வெசெலா என்னையே பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. வாய் வலிக்கிற வரை கத்தினேன். நல்ல மனைவி என்று அப்போது எனக்கு நினைப்பு.

ரங்கெலுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஊர் மொம்சிலைப் பிடித்துக்கொண்டது. நான் கத்தியதிலிருந்தே பெயரும் எடுத்துக்கொண்டார்கள்: ஜெர்மன் தலை. ரொட்டிக்கடை தோன்கா கடை நிறைய ஆள் இருக்கும்போது அவனிடம், "ரொட்டி வேணுமா வேண்டாமா? தலையை மட்டும் ஆட்டிடாதப்பா, நான் உயிரோட இருக்கணும்" என்றாளாம். அதற்குப் பிறகு மொம்சில் தலையை ஆட்டுவதையே விட்டுவிட்டான். நானே பார்த்தேன். யார் எது கேட்டாலும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி "வேணும்", "வேண்டாம்", "ஆமா" என்று வாயால் மட்டும் சொன்னான். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. படட்டும் என்றுதான் நினைத்தேன்.

மேயர் ஸ்தாமென் வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்தில் கூட்டம் என்று அறிவித்தார். இடுக்கில் ஆட்களை இறக்க மொம்சிலுக்குக் கொடுத்த அனுமதியை ரத்துசெய்ய வேண்டுமா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. ரத்தானால் அவர்கள் திரும்ப ஜெர்மனிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்பது வருஷம் வெசெலா எப்போது வருவாள் என்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். ஆனாலும் கோபம் கண்ணை மறைத்திருந்தது.

புதன்கிழமை ரொட்டி வாங்கப் போனேன். தோன்கா என்னை விடவில்லை.

"முழுசாச் சொல்லுடி ராலிட்சா. நீ கீழேருந்து பாத்தியே. எப்படி வேண்டாம்னான்?"

நானும் ராணி மாதிரி கடை நடுவில் நின்றுகொண்டேன். ஒருபக்கம் மொம்சிலாகக் குனிந்து காட்டினேன். இன்னொரு பக்கம் ரங்கெலாக நின்று, அவனைப் போலவே உதட்டைக் கடித்து, தலையை ஆட்டினேன்.

"தப்பு தப்பா செய்யிற" என்று சிரித்தாள் தோன்கா. "கீழ கீழ ஆட்டுற. அது விருந்தாளிங்க ஆமா. நம்ம வேண்டாம் மேலல்ல போகும்?"

நான் மறுபடி ஆட்டினேன். என் தாடை கீழே போனது. ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மனசு மேலே என்று சொல்லிக்கொடுக்கிறது, கண்ணில் பட்டதைக் கழுத்து ஞாபகம் வைத்திருக்கிறது. மடுவிலிருந்து அண்ணாந்து பார்த்தேனே, அவனுடைய ஹெல்மெட்டின் உச்சி எனக்குத் தெரிந்தது. தாடையை மேலே தூக்கியிருந்தால் உச்சி எப்படித் தெரியும்?

"என்னடி, ஏன் நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல" என்றேன். தாடையை உயர்த்தி, 'ச்சு' என்று நாக்கையும் தட்டிக்காட்டினேன். "இப்படி. இப்படித்தான் செஞ்சாரு."

தோன்காவுக்குத் திருப்தி. நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காது இரண்டும் எரிந்தன. புருஷன் பொய் சொன்னான் என்று தெரிந்த அந்த நிமிஷத்திலேயே அந்தப் பொய்யை நானும் என் தாடையால் சொல்லியிருந்தேன்.

வீட்டில் ரங்கெல் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"சூப் ஊத்தட்டா?"

தாடை மேலே போனது. 'ச்சு.'

"ஞாயித்துக்கிழமை கீழ போச்சு" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"யோவ். ஞாயித்துக்கிழமை கீழதான் போச்சு. மூணு தடவ. நீ சரின்னு சொன்ன."

ஜன்னலிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"அந்தக் கிழவி ஊஞ்சலாடிக்கிட்டுப் போனா. நீயும் போயிட்ட. அவன் என் காதுகிட்ட வந்து, 'சகல, பாதை வழியா போயிடுங்க, கயிறு சிக்கிக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன், யாருக்கும் தெரியாது'ன்னான். திட்டியிருந்தாக்கூட போயிருப்பேன். அவன் என்னைப் பாவமாப் பாத்தான்டி. நீ வேற எல்லாரும் பாக்குறாங்கன்னு சொல்லிட்ட. தலையை ஆட்டிட்டேன்."

"அப்புறம் ஏன் அவன்மேல போட்ட?"

"அந்தப் பொம்பளை வாயிலேருந்து தண்ணி வந்துக்கிட்டு இருந்துது. நான்தான் அமுக்கினேன்னு எல்லாருக்கும் தெரியும். என்னத்தையாவது சொல்லணுமே." இப்போதுதான் என் பக்கம் திரும்பினான். "வெள்ளிக்கிழமை வாயைத் திறந்துடாத. ஊர் ஊரா வண்டில போறவன் நான். ஒவ்வொரு வாசல்லயும் சிரிப்பாங்க."

அவனை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் 'பாவமாப் பாத்தான்' என்று அவன் சொன்னபோது, வாரை விட்ட அந்த விரல்கள்தான் என் கண்முன் வந்தன. சூப்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

வியாழக்கிழமை வெசெலா கூப்பிட்டு அனுப்பினாள். அவள் வீட்டில் பெட்டிகள் திறந்து கிடந்தன.

"கூட்டம் எப்படி முடியும்னு தெரிஞ்சதுதானே" என்றாள். "குளிர்கால உடுப்பை மட்டும் எடுத்து வைக்கலாம்னு. நீ அழகா மடிப்பியேக்கா."

மொம்சில் கொல்லையில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கழுத்து அசையாமல், "வாங்கக்கா. சகலைக்கு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். வெசெலாவும் நானும் எதிரெதிரே நின்று ஒரு கம்பளியின் நான்கு மூலைகளைப் பிடித்து மடித்தோம். மடிக்கும்போது இரண்டு பேர் கையும் சேரும் அல்லவா, ஒவ்வொரு முறை அவள் விரல் தொடும்போதும் இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. கம்பளி முடிந்தது, ஸ்வெட்டர்கள் முடிந்தன. நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் உட்கார இடமில்லை. மொம்சில்தான் முதலில் எழுந்தான்.

"தப்பு என்னுது" என்றான். "சகல வேண்டாம்னு சொன்னதை நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். அங்க பழகின கண்ணு. நீங்க என்ன முடிவு செஞ்சாலும் சரி."

பின்னாலிருந்து யாரோ "ஜெர்மன் தலை" என்று முனகினார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது. மேயர் ஸ்தாமென் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ரங்கெலைப் பார்த்தார்.

"ரங்கெல், நீ சொன்னாத்தான் கணக்கு. கயிறை விடுறதுக்கு முன்னாடி நீ வேண்டாம்னு சொன்னியா?"

ரங்கெல் எழுந்தான். என்னைப் பார்த்தான். பிறகு மொம்சிலைப் பார்த்தான். கடைசியில், மெதுவாக, அவன் தாடை மேலே போனது. 'ச்சு' என்று நாக்கு தட்டியது.

இல்லை, சொல்லவில்லை என்கிறான். என் புருஷன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"பாத்தீங்களா!" என்று தோன்கா துள்ளி எழுந்தாள். "இப்படித்தான் செஞ்சாருன்னு ராலிட்சா கடையில காட்டினா! அச்சு அசலா இதேதான்!"

"செஞ்சே காட்டிட்டான்!" என்றார் இன்னொருவர். "பச்சைக் கொழந்தைக்குக்கூட புரியுமே, இதுவா சரின்னு தெரிஞ்சுது?"

மன்றமே பேசியது. மேயர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஆமாம் ஆமாம் என்று பேனாவை எடுத்தார். ரங்கெல் நின்றுகொண்டே இருந்தான். வாய் திறந்து மூடியது. அவனிடம் இருந்த தைரியம் முழுக்க அந்த ஒரு அசைவோடு செலவாகிவிட்டது. அவன் உட்காரப் போனான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்ததை நான் பார்த்தேன். அதே நிம்மதி என் நெஞ்சிலும் எட்டிப்பார்த்தது. அதற்கு நான் சாகும்வரை கூசுவேன்.

"உக்காராத" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. "யோவ், உக்காராத. வாயால சொல்லு."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவரு செஞ்சு காட்டல. பதில் சொன்னாரு" என்றேன். "வேண்டாம்னு சொன்னியான்னு கேட்டீங்க. இல்லன்னாரு. கடையில நான் காட்டினதுதான் பொய். நான் பாத்தப்போ தாடை கீழதான் போச்சு."

ரங்கெல் தரையைப் பார்த்துக்கொண்டு, பால் கேனை இறக்கி வைக்கிறவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக இறக்கினான்: "நான் சரின்னேன். எனக்கு நீச்சல் தெரியாது. சகல பாதை வழியா போகச் சொன்னாரு. நான்தான் சரின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேயர் பேனாவை மூடினார். அனுமதி அப்படியே இருக்கட்டும் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். மொம்சில் ரங்கெலின் அருகில் வந்து, நல்ல தோளாகப் பார்த்து ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே நடந்தான்.

வாசலில் வெசெலாவைப் பிடித்தேன்.

"வெசெலா..."

"எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"புதன்கிழமை."

"நேத்து வியாழக்கிழமை" என்றாள். "கம்பளி மடிச்சோம்."

"ஆமா."

"நீ ரொம்ப நல்லா மடிச்சேக்கா."

மொம்சில் வேனைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். அவள் படியிறங்கிப் போக ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"நாளன்னைக்கு சாப்பிட வருவீங்கல்ல?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

வெசெலா நின்று திரும்பினாள். நான் அவளுடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் போகுமா, மேலே போகுமா என்று பார்த்தேன். மேலே போயிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் தலை அசையவே இல்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.